வாளும் மந்திரமும் ஒரே ஆளுக்கு: முதல் கேரக்டர் போடுகிறவருக்கு

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். பகடை உருட்டி ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். நண்பர்கள் நால்வர் முதல் லெவலிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள். ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் உடல் வலு, அறிவு போன்ற ஆறு குணங்களுக்கு எல்லாருக்கும் 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆறு எண்களையே கொடுத்திருக்கிறார். உங்களுக்கு வாளும் வேண்டும், மந்திரமும் வேண்டும். இலவச பிடிஎஃப்பைப் புரட்டியதில் போர்வீரனான ஃபைட்டருக்கு மந்திரமே காணோம், அதனால் ஃபைட்டரையும் மந்திரவாதியான விஸார்டையும் பாதிப் பாதி கலக்கலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே சில சந்தேகங்கள்: கவசம் போட்டால் மந்திரம் வராதாமே, எதை எதோடு கூட்டலாம், தயார் செய்த மந்திரத்துக்கும், மந்திரம் போடச் செலவழிக்கும் ஸ்லாட்டுக்கும் என்ன வித்தியாசம்.

இந்த ஆசை இந்த விளையாட்டின் வயதே ஆனது. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த முதல் விதிப்புத்தகத்திலேயே எல்ஃப் என்ற கற்பனை இனத்தவர் ஒரு சாகசத்தில் போர்வீரனாகவும் அடுத்ததில் மந்திரவாதியாகவும் மாறிக்கொள்ளலாம். 1981-ல் வந்த பேசிக் பெட்டியில் எல்ஃப் என்பதே வாளும் மந்திரமும் சேர்ந்த ஒரு கிளாஸ், அதாவது கேரக்டரின் தொழில். அதற்குப் பிறகு ஒவ்வொரு பதிப்பும் இதே கேள்விக்கு வேறு வேறு பதில் சொல்லியிருக்கிறது. உங்கள் சந்தேகங்களில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. இணையத்தில் தேடினால் மூன்றாம் பதிப்புக்காரர் சொன்னதும் ஐந்தாம் பதிப்புக்காரர் சொன்னதும் ஒன்றாகக் கலந்து வந்து விழும்.

இனி எண்களுக்கு வருவோம். ஷீட்டில் பெரிதாக எழுதும் 15, 14 எல்லாம் ஆட்டத்தில் அநேகமாகத் தலைகாட்டாது. பகடை உருட்டும்போது நீங்கள் கூட்டுவது அதிலிருந்து வரும் மாடிஃபையரைத்தான். எண்ணிலிருந்து 10-ஐக் கழித்து, இரண்டால் வகுத்து, பின்னம் வந்தால் கீழ்நோக்கி விட்டுவிட வேண்டும். 10-க்கும் 11-க்கும் பூஜ்யம். 12-க்கும் 13-க்கும் +1. 14-க்கும் 15-க்கும் +2. 16 என்றால் +3. 8-ம் 9-ம் ஒரே மாதிரி −1. நீங்கள் கேட்ட "13 இருப்பதால் 12-ஐவிட என்ன லாபம்" என்பதற்கு நேரான பதில்: இன்றைக்கு ஒன்றுமில்லை. ஒற்றைப்படை எண் இன்னும் ஒரு புள்ளி வந்தால்தான் பலன் தரும். இல்லையென்றால் ஏதாவது விதி குறிப்பாக 13 கேட்க வேண்டும். அப்படி இரண்டு இடங்கள் கீழே வரும்.

இதனால்தான் உங்கள் நண்பர் தன் கேரக்டரின் இனமாகச் சாதாரண மனிதனை எடுக்கப் போகிறார் என்றதும் கொஞ்சம் யோசிக்கச் சொல்லத் தோன்றுகிறது. 2014 விதியில் மனிதனுக்கு ஆறு எண்களிலும் +1. கேட்க அள்ளிக் கொடுத்த மாதிரி இருக்கும். உங்கள் மாஸ்டர் கொடுத்த எண்களில் போட்டுப் பாருங்கள்: 16, 15, 14, 13, 11, 9. ஆறு புள்ளிகளில் இரண்டுதான் மாடிஃபையரை உயர்த்துகின்றன, 15 போய் 16 ஆனதும், 13 போய் 14 ஆனதும். மற்ற நான்கும் இப்போதைக்குச் சும்மா. இதே மனிதனை 27 புள்ளிகளை வைத்து எண்களை வாங்கும் பாயின்ட் பை முறையில் போட்டால் கதை மாறும். அதில் 13-க்கு விலை 5, 15-க்கு விலை 9, 9-க்கு விலை 1, 10-க்கு 2. 15, 13, 13, 13, 10, 9 என்று வாங்கினால் சரியாக 27 தீரும். மனிதனின் +1 சேர்ந்ததும் 16, 14, 14, 14, 11, 10. நான்கு நல்ல எண்கள், ஒரு மைனஸ்கூட இல்லை. இனம் மாறவில்லை, எண்களை வாங்கிய முறை மட்டும்தான் மாறியது. இனத்தையும் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்வது ஹை எல்ஃப் என்ற இனம். டெக்ஸ்டெரிட்டிக்கு (சுறுசுறுப்பு) +2, இன்டெலிஜென்ஸுக்கு (அறிவு) +1, அதோடு விஸார்ட் பட்டியலிலிருந்து ஒரு கேன்ட்ரிப் இலவசம். கேன்ட்ரிப் என்றால் எத்தனை முறை வேண்டுமானாலும் போடக்கூடிய சின்ன மந்திரம். ஆக, ஃபைட்டராக ஆரம்பித்தாலும் முதல் நாளிலிருந்தே கையில் ஒரு மந்திரம் இருக்கும். ஃபயர் போல்ட் எடுத்தால் 120 அடி தூரம், பத்துப் பக்கப் பகடை சேதம். ஆனால் அது இன்டெலிஜென்ஸை வைத்துக் குறிபார்க்கும். தூரத்து எதிரிக்கு உங்களிடம் வில் இருக்கிறது, அதனால் நானாக இருந்தால் மைனர் இல்யூஷன் எடுப்பேன். சண்டைக்கு வெளியே அது தரும் விளையாட்டே தனி.

எண்களை வைக்க இரண்டு நல்ல வழிகள் இருக்கின்றன. ஒன்று: 15-ஐ டெக்ஸ்டெரிட்டியில் வைத்து 17 ஆக்குவது, 14-ஐ கான்ஸ்டிட்யூஷனில் (உடல் உறுதி), 13-ஐ இன்டெலிஜென்ஸில் வைத்து 14 ஆக்குவது. மாடிஃபையர்கள் +3, +2, +2. இன்னொன்று: 14-ஐ டெக்ஸ்டெரிட்டியில் வைத்து 16, 15-ஐ இன்டெலிஜென்ஸில் வைத்து 16, 13-ஐ கான்ஸ்டிட்யூஷனில். இப்போது +3, +3, +1. கூட்டினால் இரண்டும் 7 தான். முதல் வழியில் உடம்பு தாங்கும், இரண்டாவதில் மந்திரம் கூர்மை. முன்வரிசையில் நிற்கப் போகிறவர் நீங்கள் என்றால் முதல் வழி. எவ்வளவு அடி தாங்கலாம் என்பதைச் சொல்லும் ஹிட் பாயின்ட் ஃபைட்டருக்கு முதல் லெவலில் 10-உம் கான்ஸ்டிட்யூஷன் மாடிஃபையரும் சேர்ந்தது, ஆக 12. அடுத்த ஒவ்வொரு லெவலுக்கும் பத்துப் பக்கப் பகடையை உருட்டலாம், அல்லது உருட்டாமல் 6 எடுத்துக்கொள்ளலாம். எப்படியானாலும் அதே +2 கூடும். இதே ஆள் விஸார்டாக இருந்தால் முதல் லெவலில் 8 தான். மிச்சமிருக்கும் 12-ஐ விஸ்டமில் (விவேகம்) வையுங்கள், 10 ஸ்ட்ரெங்த்துக்கு (உடல் வலு), 8 கரிஸ்மாவுக்கு (வசீகரம்).

"டெக்ஸ்டெரிட்டி வைத்து வாள் வீசலாமா?" என்று கேட்டிருந்தீர்கள். ஃபினெஸ் என்ற குறிப்பு உள்ள ஆயுதமென்றால் வீசலாம். ரேப்பியர் அப்படிப்பட்டது, எட்டுப் பக்கப் பகடை சேதம். தாக்கும்போது இருபது பக்கப் பகடையோடு டெக்ஸ்டெரிட்டி +3, பயிற்சிக்கான கூடுதலான புரொஃபிஷியன்ஸி +2, ஆக +5. சேதத்தில் புரொஃபிஷியன்ஸி சேராது, +3 மட்டும். ஒவ்வொரு +1-ம் இருபதில் ஒரு பங்கு, அதாவது ஐந்து சதவீதம். இதைத் தெரிந்துகொண்டால் எந்த போனஸுக்கு எவ்வளவு பாடுபடலாம் என்று உங்களுக்கே கணக்கு வந்துவிடும்.

கவசம்தான் எல்லாரும் தடுமாறும் இடம். உங்கள் மேல் அடி விழ எதிரி எட்ட வேண்டிய எண்ணான ஆர்மர் கிளாஸ் என்பது கூட்டிக்கொண்டே போகும் சேமிப்பு இல்லை. முதலில் ஒரு அடிக்கணக்கு உண்டு, அது ஒன்றே ஒன்றுதான். கவசம் இல்லையென்றால் 10-உம் டெக்ஸ்டெரிட்டியும். லெதர் போட்டால் 11-உம் டெக்ஸ்டெரிட்டியும். செயின் மெயில் போட்டால் நேராக 16, டெக்ஸ்டெரிட்டி அதில் சேரவே சேராது. மேஜ் ஆர்மர் மந்திரம் என்றால் 13-உம் டெக்ஸ்டெரிட்டியும், ஆனால் கவசம் போடாதவருக்கு மட்டும். இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். "லெதரும் போட்டிருக்கிறேன், மேஜ் ஆர்மரும் போட்டிருக்கிறேன், இரண்டையும் கூட்டுங்கள்" என்பது செல்லாது. கேடயத்தின் +2-ம் ஷீல்டு மந்திரத்தின் +5-ம் வேறு ஜாதி. அவை அடிக்கணக்கு இல்லை, அதன் மேல் வருபவை, அதனால் கூட்டலாம். எந்த விதியைப் படித்தாலும் "இது அடிக்கணக்கா, மேலே வருவதா" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள், பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

உங்கள் ஆளுக்கு லெதரில் 14. ஃபைட்டரின் தொடக்கச் சாமான்களில் செயின் மெயிலா, அல்லது லெதரோடு லாங்போவும் 20 அம்புகளுமா என்று கேட்பார்கள். 16 பெரிதாகத் தெரிவதால் கை செயின் மெயிலுக்குத்தான் போகும். அதற்கு ஸ்ட்ரெங்த் 13 வேண்டும், உங்களிடம் இருப்பது 10. போட்டுக்கொள்ளத் தடையில்லை, ஆனால் வேகம் 30 அடியிலிருந்து 20 அடியாகிவிடும், பதுங்கிப் போகும்போது இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டியிருக்கும். லெதரையும் வில்லையும் எடுங்கள். கையில் 45 தங்கக்காசு சேர்ந்ததும் ஸ்டடட் லெதர் வாங்கினால் 15 ஆகிவிடும்.

கவசத்தில் மந்திரம் வராது என்ற பேச்சுக்கு வருகிறேன். மூன்றாம் பதிப்பில் கவசம் அணிந்த விஸார்ட் ஒவ்வொரு முறையும் சதவீதப் பகடை உருட்டி மந்திரம் பிசகுகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. அந்த ஞாபகம்தான் இன்றும் ஊரெல்லாம் உலவுகிறது. ஐந்தாம் பதிப்பில் கேள்வி ஒன்றே ஒன்று: அந்தக் கவசத்தில் உங்களுக்குப் புரொஃபிஷியன்ஸி உண்டா? உண்டென்றால் தாராளமாகப் போடலாம். இல்லையென்றால் மந்திரம் அறவே இல்லை. விஸார்டுக்கு எந்தக் கவசத்திலும் பயிற்சி கிடையாது, அதனால்தான் அவர் அங்கியோடு திரிகிறார். மவுன்டன் ட்வார்ஃப் இனத்தவர் விஸார்டானால் லைட், மீடியம் கவசப் பயிற்சி பிறப்பிலேயே வந்துவிடும். இரும்புச் செதில் சட்டையோடு தீப்பிழம்பு வீசும் குள்ளர் விதிப்படி முழுக்கச் சரி. ஃபைட்டருக்கோ எல்லாக் கவசமும் பழக்கம், கவலையே இல்லை.

இனி பெரிய கேள்வி. பாதி ஃபைட்டர், பாதி விஸார்ட். செய்யலாம், மாஸ்டர் அனுமதித்தால். 2014 புத்தகத்தில் மல்டிகிளாஸ் என்பதே விருப்ப விதிதான். ஃபைட்டருக்கு ஸ்ட்ரெங்த் அல்லது டெக்ஸ்டெரிட்டி 13, விஸார்டுக்கு இன்டெலிஜென்ஸ் 13, இரண்டு நிபந்தனையும் நிறைவேற வேண்டும். உங்கள் எண்களில் அது நிறைவேறும். ஆனால் பாதிப் பாதி வேண்டாம் என்பேன். காரணம் ஐந்தாம் லெவல். தனி ஃபைட்டர் அங்கே ஒரு ஆக்‌ஷனில் இரண்டு முறை தாக்க ஆரம்பிக்கிறார், அதாவது சேதம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. தனி விஸார்டுக்கு மூன்றாம் நிலை மந்திரங்கள் திறக்கின்றன. 20 அடி ஆரத்தில் எட்டு ஆறு பக்கப் பகடை சேதம் தரும் ஃபயர்பால் அங்கேதான். எதிரிகளும் அதற்கேற்ப வலுத்துவிடுவார்கள். ஃபைட்டர் 3, விஸார்ட் 2 என்று நிற்பவருக்கு ஒரே அடி, முதல் நிலை மந்திரம். பக்கத்தில் நண்பர்கள் கூரை பிய்த்துக்கொண்டு இருக்கும்போது நீங்கள் முதல் லெவல் வேலையையே திரும்பச் செய்துகொண்டிருப்பீர்கள்.

இதோடு ஒரு மறைவான செலவும் உண்டு. நான்காம் லெவலில் எண்களை உயர்த்திக்கொள்ளும் வாய்ப்பு வருகிறதே, அது கிளாஸ் லெவலைப் பார்த்து வருவது, மொத்த லெவலைப் பார்த்து இல்லை. 3-உம் 2-உம் சேர்ந்து ஐந்தானாலும் அந்த வாய்ப்பு இன்னும் வரவில்லை. புரொஃபிஷியன்ஸி போனஸோ மொத்த லெவலை வைத்து ஏறுகிறது.

கலக்கியே தீருவேன் என்றால் ஒரு ஒழுங்கான வழி: ஒரே ஒரு லெவல் ஃபைட்டர், மிச்சமெல்லாம் விஸார்ட். ஃபைட்டரை முதலில் எடுக்க வேண்டும், வரிசை முக்கியம். முதல் கிளாஸாக எடுத்தால்தான் கனமான கவசப் பயிற்சியும் கான்ஸ்டிட்யூஷன் சேவிங் த்ரோ (பாதிப்பிலிருந்து தப்ப உருட்டும் பகடை) பயிற்சியும் கிடைக்கும். இரண்டாவதாக எடுத்தால் லைட், மீடியம் கவசமும் கேடயமும் ஆயுதங்களும் மட்டும்தான், சேவிங் த்ரோ எதுவும் வராது. அடிபட்டபோது மந்திரக் கவனம் கலையாமல் இருக்க உருட்டுவது கான்ஸ்டிட்யூஷன் சேவ்தான் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அப்படிப் போடும் ஆள் வாள் வைத்திருக்கும் விஸார்ட், வீரன் இல்லை.

நீங்கள் உண்மையில் தேடுவது எல்ட்ரிச் நைட். ஃபைட்டரின் ஒரு சப்கிளாஸ், அதாவது உட்பிரிவு, மூன்றாம் லெவலில் வரும். இலவச பிடிஎஃப்பில் கிடைக்காததற்குக் காரணம் அதில் ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரே ஒரு சப்கிளாஸ்தான் இருக்கிறது, ஃபைட்டருக்குச் சாம்பியன் மட்டும். இந்த விளையாட்டை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸில் திறந்துவிட்ட விதித்தொகுப்பு அது, முழுப் புத்தகம் இல்லை. மாஸ்டரிடம் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் இருக்கும், ஃபைட்டர் பக்கத்தைக் கேட்டுப் பாருங்கள். மூன்றாம் லெவலில் இரண்டு கேன்ட்ரிப், மூன்று முதல் நிலை மந்திரங்கள், இரண்டு ஸ்லாட். மூன்றில் இரண்டு அப்ஜுரேஷன் (காப்பு) அல்லது எவொகேஷன் (சக்தியை ஏவுதல்) வகையாக இருக்க வேண்டும். ஷீல்டும் மேஜிக் மிஸைலும் அந்த வகைதான். அழகு என்னவென்றால் இந்த இரண்டும் இன்டெலிஜென்ஸைக் கேட்பதே இல்லை. ஒன்று கவசக்கணக்கில் +5, மற்றது குறிதவறாத மூன்று அம்புகள். அதனால்தான் மேலே இன்டெலிஜென்ஸ் 14 போதும் என்றேன். ஐந்தாம் லெவலில் இரண்டு தாக்குதலும் தவறாமல் வரும். மூன்றாம் லெவலுக்கு 900 அனுபவப் புள்ளிகள்தான், பெரும்பாலான குழுக்கள் சீக்கிரமே எட்டிவிடும்.

ஒரு சிக்கலை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் முதல் சண்டையிலேயே வாக்குவாதம் வரும். ஷீல்டு மந்திரத்துக்குக் கை அசைவு தேவை, அதற்கு ஒரு கை காலியாக இருக்க வேண்டும். ஒரு கையில் ரேப்பியர், மறு கையில் கேடயம் என்றால் விதிப்படி போட முடியாது. எதிரி அடிக்கும் நொடியில் போடும் ரியாக்‌ஷன் மந்திரம் என்பதால் வாளை உறையில் போட்டுவிட்டுப் போடுகிறேன் என்றும் சொல்ல முடியாது. வார் காஸ்டர் என்ற ஃபீட் (கூடுதல் சிறப்புத் திறமை) இதைத் தீர்க்கும், ஆனால் ஃபீட்டும் விருப்ப விதி, வருவதும் நான்காம் லெவலில். பல மாஸ்டர்கள் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள். உங்களுடையவர் எப்படி என்று முன்கூட்டிக் கேளுங்கள். கண்டிப்பானவர் என்றால் கேடயத்தை விட்டு, ரேப்பியர் ஒரு கை, வெறுங்கை ஒன்று என்று ஆடுங்கள். சண்டைப் பாணியில் டூயலிங் எடுத்தால் சேதத்தில் +2. லெதரில் 14, தேவைப்படும்போது ஷீல்டு போட்டு 19. இரண்டு கையிலும் கத்தி என்ற யோசனையை விடுங்கள். இரண்டும் லைட் ஆயுதமாக இருக்க வேண்டும், ரேப்பியர் அப்படி இல்லை. இரண்டாவது அடிக்கு, ஒரு சுற்றில் கிடைக்கும் கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷன் போய்விடும், அதன் சேதத்தில் உங்கள் +3-ம் சேராது.

ஸ்லாட் விஷயம் ஒரு வரிதான், ஆனால் பழைய பதிப்பை வைத்து விளக்குபவர்கள் அதைக் குழப்பி வைத்திருக்கிறார்கள். அப்போதெல்லாம் விஸார்ட் காலையிலேயே "இந்த ஸ்லாட்டில் இந்த மந்திரம்" என்று ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டும். ஒரே மந்திரத்தை இரண்டு தடவை போட இரண்டு தடவை நிரப்ப வேண்டும். இப்போது மந்திரங்களின் பட்டியல் தனி, ஸ்லாட் தனி. பட்டியல் ஹோட்டல் மெனு, ஸ்லாட் பையில் இருக்கும் காசு. இன்டெலிஜென்ஸ் 16 உள்ள முதல் லெவல் விஸார்ட் புத்தகத்தில் ஆறு மந்திரங்கள் எழுதியிருப்பார், அதில் நான்கைத் தயார் செய்வார், ஸ்லாட் இரண்டு. இரண்டையும் ஸ்லீப்புக்கே செலவழிக்கலாம். எல்ட்ரிச் நைட்டுக்குத் தயார் செய்யும் வேலையே கிடையாது, தெரிந்த மூன்றும் எப்போதும் கையில். இன்னொன்று, மந்திர நிலை வேறு, உங்கள் லெவல் வேறு. "மூன்றாம் லெவல் ஆகிவிட்டேனே, மூன்றாம் நிலை மந்திரம் எங்கே" என்று எல்லாரும் ஒரு தடவை கேட்பார்கள்.

கடைசியாக, சகதோழர் யாராவது 2024-ல் வந்த புதிய ஹேண்ட்புக்கைக் கொண்டுவந்தால் இரண்டையும் கலக்காதீர்கள். அதில் எண்களுக்கான கூடுதல் இனத்திலிருந்து வராது, கேரக்டரின் முன்கதையான பேக்ரவுண்டிலிருந்து வரும். ஃபீட்டும் விருப்ப விதி இல்லை. மேலே நான் போட்ட கணக்கு அங்கே உடைந்துவிடும்.

உங்கள் 2014 ஆளுக்கு பேக்ரவுண்ட் ஸேஜ் (அறிஞர்) பொருந்தும், அர்கானா (மந்திர அறிவு), ஹிஸ்டரி என்ற திறன்கள் அதில் வந்துவிடும். எல்ஃப் என்பதால் பெர்செப்ஷன் (கூர்ந்து கவனித்தல்) ஏற்கெனவே உண்டு. ஆகவே ஃபைட்டர் தரும் இரண்டு திறன்களில் ஹிஸ்டரியையும் பெர்செப்ஷனையும் தொடாமல் அக்ரோபாட்டிக்ஸும் இன்சைட்டும் எடுங்கள். ஒரே திறனை இரண்டு வழியில் பெற்றால் போனஸ் இரட்டிப்பாகாது, பதிலாக வேறொன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றுதான் விதி. நான்காம் லெவலில் டெக்ஸ்டெரிட்டியின் 17-ஐ 18 ஆக்குங்கள். மிச்சமிருக்கும் ஒரு புள்ளியை இன்டெலிஜென்ஸில் போட்டு வைத்தால் 15 ஆகி, ஆறாம் லெவலில் ஃபைட்டருக்கு மட்டும் வரும் அடுத்த வாய்ப்பில் 16-க்குப் போய்விடும்.